ட்ராக் ஸ்விஃப்ட்: நாலு சக்கர எடையைச் சரிக்கட்டிய விவரம்

வண்டி 1.2 பெட்ரோல் ஸ்விஃப்ட், ஏபிஎஸ் இல்லாத வேரியன்ட். பின்சீட், கார்ப்பெட், கதவு ட்ரிம் எல்லாம் கழற்றி பாதி ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்ச் சட்டம்) போட்டது. முன்னால் மரை போட்ட காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்து, காலர் என்ற வளையத்தைத் திருப்பி உயரம் மாற்றக்கூடியது. பின்னால், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் பீமுக்கும் பாடிக்கும் நடுவே தனி ஸ்பிரிங், அதன் மேல் உயரம் மாற்றும் அட்ஜஸ்டர். ட்ராக்கில் தெரிந்த குறை இதுதான்: இடது வளைவில் மூக்கு வெளியே தள்ளுகிறது, வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் உள்பக்க முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது. வலது வளைவில் அதே வண்டி வாலை ஆட்டுகிறது. நேர்ப்பாதையில் பிரேக்கை அழுத்தினால் முன் இடது சக்கரம்தான் முதலில் லாக் ஆகிறது, அதாவது உருளாமல் நின்றுவிடுகிறது.

கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), டயர் காற்று, காலிப்பர் (பிரேக் பிடிக்கும் பாகம்) எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. இடதுக்கு ஒரு குணம், வலதுக்கு ஒரு குணம் என்று காட்டுகிற வண்டியை அலைன்மென்ட் மெஷினில் திரும்பத் திரும்ப ஏற்றிப் புண்ணியமில்லை. தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு வைத்தால் அந்தக் காலும் அதற்கு மூலைவிட்டமாக இருக்கிற காலும் பாரம் தாங்கும், மற்ற இரண்டும் லேசாகும். காரிலும் அதேதான். முன் வலதும் பின் இடதும் சேர்ந்து தாங்குகிற எடையை மொத்த எடையால் வகுத்தால் வருவது கிராஸ் வெயிட். அது 50 சதவீதத்துக்கு மேலே போனால் வண்டி இடது வளைவில் தள்ளும், வலது வளைவில் வால் இளகும். கீழே போனால் நேர் எதிர். ஸ்பிரிங் காலரைத் திருப்பி இதை மட்டும்தான் மாற்ற முடியும். முன்பக்கத்தின் மொத்த எடையும் இடது பக்கத்தின் மொத்த எடையும் காலருக்குக் கட்டுப்படாது. அவற்றை மாற்ற வேண்டுமானால் பேட்டரி, தீயணைப்பான் மாதிரி பாரமான சாமானைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

தராசு: சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பேட் (எடைத் தட்டு), ஒரு டிஸ்ப்ளே, அரை கிலோ வரை காட்டும் செட். ஒரு நாள் வாடகை 4,000 ரூபாய். சொந்தமாக வாங்க அவசியம் வரவில்லை. கிடைக்காதவர்கள் மளிகை மண்டியில் பார்க்கிற மேடைத் தராசு நாலு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 300 கிலோ கொள்ளளவு போதாது. முன்சக்கரம் ஒன்றே 280 கிலோவுக்கு மேல் உட்காரும், ஜாக்கியை இறக்கும்போது ஒரு கணம் அதையும் தாண்டும். 500 கிலோ எடுப்பதே சரி. சக்கரம் மேடையின் நட்ட நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் நின்றால் காட்டும் எடை மாறும். எந்தச் செட்டாக இருந்தாலும் முதல் வேலை, ஒரே ஆளை நாலு பேடிலும் மாறி மாறி நிற்க வைப்பது. நாலிலும் அரை கிலோவுக்குள் ஒரே எண் வந்தால்தான் மேலே போக வேண்டும்.

மற்ற செலவு: 2 மில்லிமீட்டர் வினைல் டைல் துண்டுகள், அரை மில்லி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட், கிரீஸ் எல்லாம் சேர்த்து 900. காலரைத் திருப்பும் சி ஸ்பேனர் ஒரு ஜோடி 700. நீளம் மாற்றக்கூடிய ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் பாடி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தண்டு) ஒரு ஜோடி 4,200. பேட் உயரத்துக்கு ப்ளைவுட் அடுக்கிய மேடை நாலு, கையிருப்புப் பலகையிலேயே ஆயிற்று.

இனித் தரை. பாதி வேலை இங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். ஷெட்டின் சிமென்ட் தரை கண்ணுக்குச் சமமாகத்தான் இருந்தது. நாலு சக்கரம் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபில் கொஞ்சம் நீல மை கலந்து மட்டம் பார்த்தோம். டியூபுக்குள் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் கணக்கு பொய், அதை முதலில் வெளியேற்ற வேண்டும். முன் இடது இடம்தான் உயரம். அதை 0 என்று வைத்தால் முன் வலது 4 மில்லி பள்ளம், பின் இடது 7, பின் வலது 2.

தரை ஒரே பக்கம் சீராகச் சரிந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. முறுக்கிக்கொண்டு இருந்தால்தான் ஆபத்து. மூலைவிட்டமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு ஜோடி 2 மில்லி பள்ளம், மற்ற ஜோடி 11 மில்லி பள்ளம். வித்தியாசம் 9 மில்லி. ஒப்பிட்டுப் பார்க்க, மட்டம் பண்ணாமல் வண்டியை ஒரு தடவை ஏற்றினோம். கிராஸ் வெயிட் 50.4% காட்டியது! அதை நம்பியிருந்தால் வண்டியில் குறையே இல்லை என்று இறக்கிவிட்டிருப்போம். டைலும் ஷீட்டும் அடுக்கி நாலு இடத்தையும் 1 மில்லிக்குள் கொண்டுவந்த பிறகு அதே வண்டி 52 சதவீதத்தைத் தாண்டிக் காட்டியது. வண்டியின் கோணலைத் தரையின் கோணல் மறைத்துவிட்டது, அவ்வளவுதான். பேட் வைத்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டு, எந்த மூலைக்கு எத்தனை டைல், எத்தனை ஷீட் என்று தரையிலேயே எழுதி வைத்தாயிற்று. அடுத்த தடவை தண்ணீர் டியூப் வேண்டாம்.

வண்டிக்குள் பாரம் ஓட்டும்போது உள்ளபடி இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஹெல்மெட், ஷூவோடு 72 கிலோ. ஆளை உட்கார வைத்தால் அசைவார், எட்டிப் பார்ப்பார், எண் ஓடிக்கொண்டே இருக்கும். மணல் மூட்டைதான் நிம்மதி: சீட்டில் 55, சாய்மானத்தில் பெல்ட்டால் கட்டி 10, பெடல் பக்கம் 7. பெட்ரோல் 15 லிட்டர், அதாவது சுமார் 11 கிலோ. ஜாக்கி, ஸ்பேர் வீல், டூல் பை எல்லாம் வெளியே.

டயர் காற்று குளிர்ந்த நிலையில் இடமும் வலமும் ஒரே அளவு. அதோடு நிற்காமல் டயரின் சுற்றளவையும் டேப்பால் அளக்க வேண்டும். 195/55 ஆர்15 டயருக்குக் கணக்குப்படி 1,871 மில்லி வரும். இடத்துக்கும் வலத்துக்கும் 6 மில்லி வித்தியாசம் இருந்தால் ஆரத்தில் ஏறக்குறைய 1 மில்லி. தேய்ந்த டயர் ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமும் போட்டு எடை பார்ப்பது நேர விரயம். இந்த வண்டியில் நாலும் 3 மில்லிக்குள் இருந்தன.

ஏற்றுவதற்கு முன் இரண்டு பிடிப்புகளை விடுவிக்க வேண்டும். ஒன்று, முன் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க். ஒரு பக்கம் கழற்றினால் போதும், பார் இரண்டு சக்கரத்தையும் இழுத்துப் பிடிப்பது நின்றுவிடும். இரண்டாவது, லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்களும் பின் பீமின் புஷ்களும், அதாவது அந்த மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முறுக்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு தானே ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். இந்த வண்டியில் காயில்ஓவர் மாட்டியபோது அப்படித்தான் முறுக்கியிருந்தார்கள். போல்ட்டை இளக்கியதுமே முன் வலது மூலை 4 மில்லி இறங்கியது, காலரைத் தொடாமலே. நாலு சக்கரமும் தரையில், பாரம் ஏறிய நிலையில், மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) மறுபடி முறுக்கினோம். அடியில் படுத்துச் செய்ய வேண்டிய வேலை. சக்கரங்களை ப்ளைவுட் மேடையில் ஏற்றிக்கொண்டால் டார்க் ரெஞ்ச் திரும்ப இடம் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் முதல் எண்கள் நிலையாக நிற்கவில்லை. ஜாக்கியால் தூக்கி இறக்கும் ஒவ்வொரு தடவையும் முன் இடது 255 முதல் 268 வரை எங்கோ ஓர் எண். காரணம் டயர். தூக்கினால் சக்கரங்கள் உள்பக்கம் நெருங்கும், இறக்கினால் வெளியே விரிய வேண்டும், ஆனால் ரப்பர் பேடைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. அந்த இழுவை முழுக்க ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு பேடின் மேலும் 300-க்கு 300 மில்லி ஜிஐ ஷீட் இரண்டு, நடுவே தாராளமாக கிரீஸ் வைத்த பிறகு சக்கரம் வழுக்கி விரிந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. ஷீட்டை வைத்த பிறகுதான் தராசைப் பூஜ்யம் பண்ண வேண்டும். ஹேண்ட்பிரேக் போடக்கூடாது. பின் சக்கரம் உருள முடியாவிட்டால் பீமும் அசையாது. கியர் நியூட்ரல், ஸ்டியரிங் நேர், முன் பம்பரையும் பின் பம்பரையும் நாலைந்து தடவை அமுக்கி விட்டு, ஷாக்கின் உராய்வு அடங்க அரை நிமிடம் காத்திருந்து பிறகு எண்ணைக் குறிக்க வேண்டும்.

தவறைக் காட்டிக்கொடுக்கும் இன்னொன்று, மொத்த எடை. காலரை எப்படித் திருப்பினாலும் நாலையும் கூட்டினால் ஒரே எண்தான் வர வேண்டும். ஒரு சுற்றில் மொத்தம் 9 கிலோ குறைந்தது. பின் வலது டயரின் ஓரம் பக்கத்துப் ப்ளைவுட் மேடையில் தொட்டுக்கொண்டிருந்தது, அந்த 9 கிலோவைப் பலகை தாங்கியது. மேடையை ஒரு விரற்கடை தள்ளியதும் சரி.

மூன்று தடவை உருட்டி இறக்கி ஏற்றியும் எண்கள் 1 கிலோவுக்குள் நின்ற பிறகு கிடைத்த ஆரம்ப அளவு:

முன் இடது 262, முன் வலது 286
பின் இடது 176, பின் வலது 160
மொத்தம் 884 கிலோ
முன்பக்கம் 548, அதாவது 62%
இடது பக்கம் 438, வலது பக்கம் 446
கிராஸ் வெயிட் 462, அதாவது 52.3%

பிரேக்கில் முன் இடது ஏன் முதலில் லாக் ஆனது என்பதற்கு இந்த முதல் வரியே பதில். வலதைவிட 24 கிலோ குறைவு. இடது வளைவில் உள்பக்கம் வருவதும் அந்த லேசான சக்கரம்தான், அதனால்தான் சும்மா சுற்றியது. வலது ஸ்டியரிங் வண்டியில் ஓட்டுபவரோடு சேர்த்தும் இடத்துக்கும் வலத்துக்கும் 8 கிலோதான் வித்தியாசம், அது நல்ல சேதி. சாமான்களை இடம் மாற்றும் வேலை இல்லை.

கணக்கு சுலபம். ஒரு மூலைவிட்டம் 462, இன்னொன்று 422. இரண்டும் 442 ஆக வேண்டும். அப்படியென்றால் முன் வலதிலும் பின் இடதிலும் தலா 10 கிலோ இறங்கி, முன் இடதிலும் பின் வலதிலும் தலா 10 கிலோ ஏற வேண்டும்.

ஒரே மூலையைத் திருப்பியும் இதைச் செய்யலாம். ஒரு மூலையை உயர்த்தினால் நாலு எண்ணும் சேர்ந்தே மாறும். ஆனால் 20 கிலோவையும் ஒரே காலரில் எடுக்கப் போனால் அந்த மூலை 8, 9 மில்லி தூக்கிக்கொள்ளும், வண்டி கண்ணுக்கே சாய்ந்து தெரியும், கேம்பரும் ஒரு பக்கம் மட்டும் மாறும். நாலு மூலைக்கும் பகிர்ந்தால் உயரம் அப்படியே நிற்கும். ஆகவே முன் இடது ஒரு சுற்று மேலே, முன் வலது ஒரு சுற்று கீழே, பின் வலது ஒரு சுற்று மேலே, பின் இடது ஒரு சுற்று கீழே. இங்கே மேலே என்றால் பாடி உயரும்படி, கீழே என்றால் பாடி இறங்கும்படி. எந்தப் பக்கம் திருப்பினால் உயரும் என்பது முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்காது, முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காயில்ஓவரில் ஒரு சுற்றுக்கு 2 மில்லி. பின் அட்ஜஸ்டரும் 2 மில்லிதான், ஆனால் பின் ஸ்பிரிங் சக்கர மையத்துக்கு முன்னால் உட்கார்வதால் சக்கரத்தில் அது 2.5 மில்லிக்குப் பக்கம் வரும். ஸ்பிரிங் கடினம் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல, அதனால் சுற்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கை இங்கிருந்து எடுத்துப் போகாமல் அவரவர் வண்டியில் ஒரு சுற்று திருப்பிப் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது.

காலரைப் பாரத்தோடு திருப்பக்கூடாது. ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரம் தொங்கும்போதுதான் திருப்ப வேண்டும். மரையில் செம்மண்ணும் பிரேக் தூளும் இறுகியிருக்கும். பித்தளை பிரஷும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்துவிட்டு டபிள்யூடி-40 அடித்த பிறகு ஸ்பேனர் வைத்தால் காலர் தப்பும். அலுமினியக் காலரின் பள்ளம் ஒரு தடவை வழுக்கி உடைந்தால் பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. காலரிலும் ஷாக்கின் உடலிலும் வெள்ளை மார்க்கரால் நேர்க்கோடு போட்டுக்கொண்டால் எத்தனை சுற்று என்று குழப்பம் வராது. திருப்பும்போது ஸ்பிரிங் கூடவே சுற்றிக்கொண்டு வரும். அதைக் கையால் பிடித்து மறுபடி அதன் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும்.

பின்பக்கம் இன்னொரு தொல்லை. குட்டை ஸ்பிரிங் போட்டிருப்பதால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்து ஆடும். இறக்கும்போது அதன் கீழ் நுனி ரப்பர் சீட்டின் பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி உட்கார்ந்தால் அந்த மூலை மட்டும் 6, 7 கிலோ கூடுதலாகக் காட்டும், நாலு தடவை பம்பரை அமுக்கினாலும் போகாது. இறக்கும்போது ஒருவர் டார்ச் அடித்து ஸ்பிரிங் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கையை உள்ளே விடாமல்.

முதல் சுற்று முடிந்து ஏற்றியதும்:

முன் இடது 270, முன் வலது 278
பின் இடது 168, பின் வலது 168
கிராஸ் வெயிட் 50.5%

ஸ்பிரிங் கடினத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் மூலைக்கு 10 கிலோ வந்திருக்க வேண்டும், வந்தது 8. டயரும் கொஞ்சம் அமுங்குகிறது, அதில் போய்விட்டது. நாலு மூலையிலும் இன்னும் கால் சுற்று, அதே திசையில். முன் இடது 272, முன் வலது 276, பின் இடது 166, பின் வலது 170. கிராஸ் வெயிட் சரியாக 50%. ஜாக்கி வைக்கும் இடத்தில் அளந்த உயரம் நாலு மூலையிலும் 1 மில்லிக்குள்தான் மாறியிருந்தது. உயரத்தை ஃபெண்டர் வளைவில் அளக்கக்கூடாது. ஒரு தடவை தட்டி நிமிர்த்திய ஃபெண்டர் 5 மில்லி பொய் சொல்லும்.

முன் இரண்டையும் 274-க்கு 274 என்று சமன் பண்ணலாமே என்று கேட்கலாம். பண்ணலாம். கிராஸ் 49.5 ஆகும், பிரேக்கில் இன்னும் கொஞ்சம் நேராக நிற்கும். இடது, வலது வளைவுகள் கலந்த ட்ராக்கில் 50 வைத்துத் தொடங்குவதே என் விருப்பம். 4 கிலோ வித்தியாசத்தை ஓட்டுபவர் கால் உணரப் போவதில்லை.

பிறகு லிங்க். கழற்றிய பழைய லிங்க் போல்ட் ஓட்டைக்கு நேராக வரவில்லை, நெம்பித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றி எடை பார்த்தால் முன் இடது 267, முன் வலது 281, கிராஸ் 51.1%. காலரில் எடுத்ததில் பாதியை நிலையான நீளம் உள்ள ஒரு லிங்க் திருப்பிக் கொடுத்துவிட்டது. வாங்கி வைத்த அட்ஜஸ்டபிள் லிங்க் இதற்குத்தான். ஒரு பக்கம் முழுக்க முறுக்கி, மறுபக்க லிங்க்கின் நடுக்குழலைச் சுற்றிக்கொண்டே வந்து, போல்ட் விரலால் தள்ளினாலே ஓட்டைக்குள் போகும் நீளத்தில் லாக் நட்டை இறுக்க வேண்டும். இதை வண்டி தராசின் மேல் பாரத்தோடு நிற்கும்போதே செய்ய வேண்டும், தூக்கிவிட்டுச் செய்தால் அர்த்தமில்லை. கடைசி எண்கள் 272.5, 276, 166, 169.5.

தராசிலிருந்து இறக்கியதும் நூல் கட்டி முன் டோ பார்த்தோம். உயரம் கொஞ்சமே மாறினாலும் டோ நகரும். மொத்தம் 2 மில்லி டோ அவுட் இருந்தது 2.5 ஆகியிருந்தது, டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டில்) திருத்தியாயிற்று. பின்னால் பீம் ஆக்ஸில், திருத்த ஒன்றுமில்லை.

கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக்கில் ஓட்டிப் பார்த்ததில் பிரேக்கில் இரண்டு முன் சக்கரமும் கிட்டத்தட்ட ஒன்றாக லாக் ஆகின்றன. இடது வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சக்கரம் சுற்றுவது வெகுவாகக் குறைந்துவிட்டது, முழுக்கப் போகவில்லை. ஓபன் டிஃபரென்ஷியல் (லேசான சக்கரம் சும்மா சுற்றுவதைத் தடுக்காத கியர் அமைப்பு) இருக்கிற வரை அது போகாது. மூக்கு தள்ளுவது இன்னும் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. இனி அதை டயர் காற்றிலும் பின் ஸ்பிரிங் கடினத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

ரோட்டில் ஓடும் சாதா வண்டிக்கு இவ்வளவும் தேவையில்லை. கம்பெனி ஸ்பிரிங்கில் திருப்ப எதுவும் கிடையாது. ஒரு பக்கம் தொங்கினால் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுவதுதான் வழி.

மறுபடி செய்யும்போது மாற்ற வேண்டியவை: புஷ் போல்ட் இளக்கி முறுக்கும் வேலையைத் தராசு வாடகைக்கு எடுப்பதற்கு முந்தைய நாளே முடித்துவிட வேண்டும், அரை நாள் அதிலேயே போயிற்று. ஜாக்கிக்குப் பதில் பேட் உயரத்தில் முன்னும் பின்னும் ஒன்றரை மீட்டர் ப்ளைவுட் பாதை போட்டு வண்டியை உருட்டி ஏற்றி இறக்கினால் கிரீஸ் ஷீட்டின் வேலை பாதி குறையும். புது ஸ்பிரிங் ஓடி ஓடிக் கொஞ்சம் உட்காரும், அதனால் சில ட்ராக் நாட்களுக்குப் பிறகு இதே மணல் மூட்டை, இதே 15 லிட்டரோடு இன்னொரு தடவை எடை பார்க்க வேண்டியிருக்கிறது. கிராஸ் அரை சதவீதத்துக்குள் நின்றால் காலரைத் தொடப்போவதில்லை.